படத்தில் செத்துப்போன ஏழுமலை

நான் சிபாரிசு செய்து யாரும் ஒரு படத்தைப் பார்த்ததாகச் சிங்கப்பூரில் சரித்திரம் கிடையாது. இத்தனைக்கும் பல வருஷமாக இந்தத் தொண்டை விடாமல் செய்துவருகிறேன். பெரிய நடிகர் இல்லாத, பாட்டு இல்லாத, தியேட்டர் வாசலையே மிதிக்காத சின்னப் படங்களைத் தேடிப் பிடித்து, "அவசியம் பாருங்கள்" என்று எழுதுவேன். கைப்பேசியில் பேசி வீடியோ போடுவேன். நண்பர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, பறந்து பறந்து அடிக்கும் படத்துக்குக் குடும்பத்தோடு போவார்கள். திங்கட்கிழமை ரயிலில் என்னைக் கண்டால் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார்கள்.

எங்களுக்கென்று ஒரு திரைப்பட வட்டம் உண்டு. மாதம் ஒருமுறை சமூக மன்றத்தில் ஒரு அறை எடுத்துக் கூடுவோம். தின்பதற்குக் கறி பப் உண்டு என்று அறிவித்தால் பத்துப் பேர் வருவார்கள், இல்லையென்றால் நாலு பேர். அந்த வட்டம் இந்த முறை 'நாலாம் பாத்தி' என்ற படத்துக்கு விருது கொடுத்தது. மரக்காணத்து உப்பளத்தில் எடுத்த படம். கணவனை இழந்த ஒரு பெண் உப்பு வாருகிறாள். வீட்டுக்கு வந்து, மாலை போட்ட கணவனின் படத்தைப் பார்த்து அழுகிறாள். மறுநாள் மறுபடியும் உப்பு வாருகிறாள். அவ்வளவுதான் கதை. அதற்கு மேல் கதை இருந்தால் எங்கள் வட்டம் விருது கொடுக்காது.

அந்தப் பெண்ணாக நடித்தவர் அஞ்சலை. நிஜமாகவே உப்பளத்தில் வேலை செய்பவர். இயக்குநரோ ஏதோ ஐரோப்பிய ஊரில் மௌனத்தைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. மௌனத்தைப் போதிக்கிறவர் போனை எடுக்க மாட்டார் அல்லவா? ஆகவே விருதுக் கேடயத்தை மரக்காணத்துக்குச் சுமந்துபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். எனக்குத் தமிழ்நாடு வெளிநாடுதான்.

முதல் நாளே வண்டி தகராறு. புதுச்சேரியில் ஏறிய பேருந்தில் நடத்துனரிடம் மரக்காணம் என்றேன். "ஏறும்போதே கேக்க வேணாமா சார்? இது அங்க நிக்காது" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஊரைத் தாண்டியதும் விசில் அடித்து, "எறங்கு, எறங்கு, சீக்கிரம்" என்று இரண்டு பக்கமும் உப்பளம் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் இறக்கிவிட்டார். சக்கரம் வைத்த என் பெட்டி சாலையோர மண்ணில் நாலடி உருண்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

கண்ணுக்கெட்டிய தூரம் கட்டம் கட்டமாகத் தண்ணீர். கரையெல்லாம் உப்புக் குவியல். சிங்கப்பூரில் இவ்வளவு தட்டையான காலி இடம் இருந்திருந்தால் அடுத்த வருஷமே நாற்பது மாடி எழும்பியிருக்கும். அருகிலிருந்த குவியல் ஒன்றின் மேல், வெள்ளைக் கவுன் போட்ட மணப்பெண் சாய்ந்து படுத்திருந்தாள். "மேடம், காஷ்மீர்ல இருக்கற மாதிரி சிரிங்க" என்று போட்டோ எடுப்பவர் கத்தினார். கோட்டு போட்டிருந்த மாப்பிள்ளை வெந்துகொண்டிருந்தார். அவர்களுடைய காரின் நிழலில் நின்ற இரண்டு இளைஞர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "இந்த ஜனங்களுடைய எளிமை இருக்கிறதே, அதற்கு நல்ல லென்ஸ் வேண்டும்" என்றான் ஒருவன். நானும் ஏறக்குறைய இதே வாக்கியத்தை எங்கள் வட்டத்தில் பேசியிருக்கிறேன். ஆனால் வெயிலில் நின்று கேட்கும்போது அது நன்றாக இல்லை.

ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. மீன் கூடைகளுக்கு நடுவே என் பெட்டி, பெட்டி மேல் நான். ஓட்டுநர் பேச்சுக் கொடுத்தார். படம் விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்தது. எனக்கும் சிபாரிசு செய்யும் வியாதி தலைதூக்கியது.

"பைட்டு இருக்குதா சார்?"

"இல்லை."

"பாட்டு?"

"கிடையாது."

"அப்ப படத்துல இன்னாதான் சார் இருக்குது?"

"மௌனம் இருக்கிறது."

"அது எங்க வூட்லயே இருக்குது சார். ரெண்டு நாளா அவ பேசல" என்றார்.

அஞ்சலையின் வீட்டைக் கேட்டேன். சடாரென்று பிரேக் போட்டார். மீன் கூடைக்காரம்மா என் மடியில் விழுந்தார். "புருஷனப் படத்துல சாவடிச்சாங்களே, அந்த அஞ்சலையா?" என்று ஓட்டுநர் கேட்டார். ஆட்டோ முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டு வாசலில் கைலியும் பனியனுமாக ஒருவர் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். படத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாலையோடு தொங்கிய அதே முகம். நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க சார். நான்தான் செத்துப்போனவன்" என்றார்.

அவர்தான் அஞ்சலையின் கணவர் ஏழுமலை. உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜினை ஓட்டுகிறவர். படத்தில் இறந்த கணவனாக மாலையோடு தொங்கியது, உயிரோடிருக்கும் இவருடைய நிஜப் புகைப்படம் என்று எங்கள் வட்டத்துக்கு முன்பே தெரியும். இயக்குநர் பேட்டியில் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு புகைப்படத்தை வைத்து நாங்கள் ஒரு மணிநேரம் விவாதித்திருக்கிறோம். புனைவுக்கும் நிஜத்துக்கும் நடுவிலுள்ள கோட்டை இயக்குநர் துணிச்சலாக அழிக்கிறார் என்று முடிவுகூடச் செய்தோம். கோட்டுக்கு எந்தப் பக்கம் ஏழுமலை நிற்கிறார் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அஞ்சலை ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. கேடயத்தைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நடிச்சதுக்கா, அழுததுக்கா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றே என்று நான் தொடங்கிய சொற்பொழிவு முடிவதற்குள், அடுப்பில் ஏதோ பொங்குகிறதென்று உள்ளே போய்விட்டார்.

சாப்பிடச் சொன்னார்கள். சுடுசோறு, எறா தொக்கு, நெத்திலி வறுவல். எங்கள் ஊர்க் கடைகளில் தட்டுக்கு ஆறு இறாலை அடுக்கி அலங்காரம் செய்வார்கள். இங்கே அள்ளிக் கொட்டினார்கள். மூன்றாவது முறை சோறு வாங்கும்போது அவர்கள் மகள் நித்யா கைப்பேசியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். புதுச்சேரியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள்.

"சார், இது உங்க வாய்ஸ்தானே?"

கைப்பேசியில் நான் பேசிக்கொண்டிருந்தேன். மாலை போட்ட ஏழுமலையின் படம், முன்னால் நின்று குலுங்கி அழும் அஞ்சலை, பின்னணியில் தழுதழுத்த என் குரல். "இந்தப் படத்தில் ஒரு காட்சிகூடக் கற்பனையில்லை. இந்தக் கண்ணீர் நிஜம். இந்த இழப்பு நிஜம்." நான் போட்ட சிபாரிசு வீடியோ. என் மனைவியே பாதியில் நிறுத்திய வீடியோ. அது எப்படியோ கடல் கடந்து, வாட்ஸ்அப்பில் குழு குழுவாகத் தாவி, பெரிய முதலியார்சாவடியில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நித்யாவைப் பெண் பார்த்துப் பிடித்துப்போய், பூ வைத்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீடு அது.

உலகத்தில் ஒரே ஒரு குடும்பம் என் சிபாரிசைக் கடைசிவரை கவனமாகப் பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு நிச்சயதார்த்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறது.

"அப்பா செத்துட்டாரு, அதை மறைச்சுட்டோம்னு சொல்றாங்க சார்" என்றாள் நித்யா.

"அப்பா இதோ இருக்கிறாரே."

"அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப உக்காந்திருந்தது அப்பாவோட தம்பியாம். அதான் ஜாடை இருக்குதாம்."

ஆதார் அட்டையை அனுப்பிப் பார்த்தார்களாம். ஆதார் படம் யாருக்குத்தான் அவரவர் மாதிரி இருக்கிறது? ஏழுமலையினுடையது அவர் தம்பி மாதிரிதான் இருந்தது. மாப்பிள்ளைக்கு நித்யாவைப் பிடித்திருக்கிறது, ஆனால் அம்மா தலையாட்டாமல் அவர் தலை ஆடாது. நித்யா அழவில்லை. என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் நான்காவது முறை சோறு கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலை, ஏழுமலையின் மொபெட்டில் முதலியார்சாவடிக்குக் கிளம்பினோம். நேரில் விளக்கிவிட்டால் தீர்ந்தது என்பது என் திட்டம். முதல் டீக்கடையிலேயே ஒருவர், "ஏம்பா ஏழுமலை, மேல கரன்ட்டு இருக்குதா?" என்று கேட்டார். "இருக்குது, ஆனா ஒனக்கு எடம் இல்லன்னு சொல்லிட்டான்" என்றார் ஏழுமலை. அடுத்த கடையில், செத்தவனுக்கு எதற்குச் சர்க்கரை என்றார்கள். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். சாவு அவருக்கு நன்றாகவே பழகிவிட்டது என்று நினைத்தேன்.

கீழ்புத்துப்பட்டு வந்ததும் அய்யனார் கோயிலில் வண்டியை நிறுத்தினார். கும்பிட்டுவிட்டு வந்து மர நிழலில் உட்கார்ந்தார். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஊர்ல கிண்டல் பண்றது எனக்கு ஒண்ணும் இல்ல சார். அஞ்சல என்ன ஒரு வார்த்த கேக்கல. நா இன்ஜின்கிட்ட இருக்கேன். வூட்டுச் செவுத்துல இருந்த என் படத்தக் கழட்டி, மால போட்டுக்கோன்னு குடுத்துட்டா. அப்பிடி இன்னா சார் அவசரம்?"

"நீங்கள் ஏன் என்று கேட்டீர்களா?"

"எப்பிடிக் கேக்கறது? நா எப்ப போவேன்னு பாத்துகினு இருக்கியான்னா?"

ஏழுமலை எழுந்து வண்டியை உதைத்தார். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

மாப்பிள்ளையின் அம்மா பவுனம்மா, வீட்டு முன்னாலேயே இட்லிக் கடை வைத்திருந்தார். பெரிய உருவம், பொட்டில்லாத நெற்றி. கணவர் இறந்து பல வருஷமாகிறதாம். வந்தவர்களை உட்காரவைத்து, இட்லி வைத்து, வடகறி ஊற்றிவிட்டுத்தான் பேச்சுக்கு வந்தார். சண்டைக்கு வந்தவனுக்கும் சாப்பாடு போட்டுவிட்டுச் சண்டை போடும் இந்த ஏற்பாடு எங்கள் ஊரில் கிடையாது. வடகறி அருமையாக இருந்ததால் நான் பாதி வாதத்தை மறந்துவிட்டேன்.

"அவரு தம்பிதானே நீங்க?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

"நான்தாம்மா அவரு" என்றார் ஏழுமலை.

நான் குறுக்கே புகுந்து, சினிமா என்றால் என்ன, நடிப்பு என்றால் என்ன என்று விளக்கினேன். பவுனம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அந்த வீடியோல பேசினது நீங்கதானே?"

"ஆமாம்."

"எல்லாம் நெசம்னு சொன்னீங்களா, இல்லியா?"

"அது விமர்சன மொழி அம்மா. உணர்ச்சி நிஜம் என்ற பொருளில்..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஒண்ணு இவரு செத்திருக்கணும். இல்ல நீங்க பொய் சொல்லியிருக்கணும். ரெண்டுல எது?"

இத்தனை வருஷ விமர்சன வாழ்க்கையில் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. ஏழுமலை என்னைப் பாவமாகப் பார்த்தார். அவர் உயிர் என் வாயில் இருந்தது.

"பொய்தான்" என்றேன்.

"படிச்சவரு, நாலு பேரு கேக்கற எடத்துல அப்பிடிப் பொய் சொல்லுவீங்களா? நீங்க இவங்களுக்காக இப்ப மாத்திப் பேசறீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் புருஷன் போனவதான். புருஷன் போட்டோவுக்கு மொத மொத மால போடறப்ப இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். உசுரோட இருக்கற ஆளுக்கு எவளாவது வெளையாட்டுக்கு அத்தப் போடுவாளா? போடறவளா இருந்தா, அந்த வூட்ல பொண்ணு எடுக்கலாமா?"

கடைசி ஆயுதமாக, படத்தை முழுசாகப் பார்க்கச் சொன்னேன். எல்லாப் படத்திலும் இதில் வருவதெல்லாம் கற்பனையே என்று ஓர் அறிவிப்பு போடுவார்கள். தொடக்கத்தில் இல்லை, ஆகவே கடைசியில் இருக்கும். அதைக் காட்டிவிட்டால் முடிந்தது. எங்கள் வட்டத்தில் நான் அதைப் பார்த்ததில்லை, ஏனென்றால் கடைசி எழுத்து வருவதற்குள் விளக்கைப் போட்டுக் கலந்துரையாடலைத் தொடங்கிவிடுவோம். பாதிப் பேருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம்.

பவுனம்மா தன் தம்பியோடு மறுநாள் வருவதாகச் சொன்னார். நான் சிபாரிசு செய்த படத்தை ஒருவர் பார்க்கச் சம்மதித்த முதல் சம்பவம் இது.

மூன்றாம் நாள் பிற்பகல், ஏழுமலை வீட்டு டிவியில் பென் டிரைவைச் சொருகினோம். மின்விசிறி பெயருக்குச் சுற்றியது. பவுனம்மாவும் தம்பியும் நாற்காலியில், ஏழுமலை தரையில், நித்யா சுவரோரமாக. அஞ்சலை அடுப்படி வாசலோடு நின்றுகொண்டார். வடை பரிமாறும் கரண்டி கையில் இருந்தது.

முதல் காட்சியில் அஞ்சலை உப்பு வாருகிறார். வாருகிறார். வாரிக்கொண்டே இருக்கிறார். பவுனம்மாவின் தம்பி முன்னால் குனிந்து, "டிவி மாட்டிக்குச்சா?" என்று கேட்டார். இல்லை, ஓடுகிறது என்றேன். "அது இன்னும் எவ்ளோ வாரணும்?" என்றார். எனக்கே அன்றைக்குத்தான் அந்தக் காட்சி நீளம் என்று பட்டது. வெளிநாட்டு விழாக்களில் இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டினார்களாம். இங்கே அவர் எழுந்துபோய் இரண்டு வடை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் மின்சாரம் போய், வந்து, படம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. அஞ்சலை அத்தனை உப்பையும் இன்னொரு முறை வாரினார்.

மாலை போட்ட படம் வந்தது. திரையில் தெரிந்த சுவர், டிவிக்குப் பின்னால் இருந்த அதே சுவர்தான். அதே ஆணியில் அதே படம், மாலையும் பொட்டும் இல்லாமல் இப்போதும் தொங்கியது. திரையில் அஞ்சலை அழத் தொடங்கினார். அழுகை நிற்கவேயில்லை, கேமராவும் அசையவில்லை. ஏழுமலை ஏதாவது கிண்டல் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு தன் சாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து திரை கறுத்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெள்ளை எழுத்து ஒன்று மெல்ல வந்தது. பவுனம்மாவின் தம்பி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "அஞ்சலைக்கும், அவள் இழந்த கணவனுக்கும், இந்தப் படம் சமர்ப்பணம்."

கற்பனை என்ற சொல் எங்கேயும் இல்லை. கொள்கைக்காக அதைப் போட மறுத்திருப்பார் இயக்குநர். அவர் அப்போது என் கையில் கிடைத்திருந்தால் மௌனத்தைப் பற்றி நானும் ஒரு வகுப்பு எடுத்திருப்பேன்.

பவுனம்மா எழுந்தார். என் பக்கமே திரும்பவில்லை. நேராக அஞ்சலையிடம் போனார்.

"இங்க பாரும்மா. இவரு அண்ணனோ தம்பியோ, யாரோவா இருக்கட்டும். நீ சொல்லு. உசுரோட இருக்கற புருஷன் படத்துக்கு நீ எப்பிடி மால போடக் குடுத்த?"

அஞ்சலை கரண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"படம் புடிக்கறவங்க வேற ஒரு ஆம்பள போட்டோதாங்க எடுத்தாந்தாங்க. மால போட்டு மாட்டிட்டு, இவன்தான் ஒம்புருஷன், பாத்து அழுன்னாங்க. யாரு பெத்த புள்ளையோ அவன். அவன எம்புருஷன்னு சொல்லி நா எப்பிடிங்க அழுவறது? பொய்க்குக்கூட எனக்கு முடியல. மாட்டவே மாட்டேன்னுட்டேன். எல்லாரும் வேலைய நிறுத்திட்டு என்னையே பாத்துகினு நிக்கறாங்க. அழுதா எங்க வூட்டு ஆளுக்குத்தான் அழுவேன்னு, இவரு படத்தக் கழட்டிக் குடுத்துட்டேன்."

அஞ்சலை மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அது வரைக்கும் ஒண்ணும் தெரியல. மாலயப் போட்டதும் எனக்கு ஈரக்கொல நடுங்கிடுச்சு. அந்த அழுவ அதாங்க. அவங்க போதும்னே சொல்லல. சொன்னதும் மாலயப் பிச்சிப் போட்டுட்டு உப்பளத்துக்கு ஓடினேன். இன்ஜின் சத்தம் காதுல வுழுந்த அப்பறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

ஏழுமலை தரையிலிருந்து நிமிர்ந்தார். "அன்னைக்கு ஓடியாந்து, தண்ணி குடிக்கறீங்களான்னு கேட்டியே."

"ஆமா."

"சொல்லவே இல்லியே இத்தன நாளா."

"நீங்க எங்க கேட்டீங்க?" என்றார் அஞ்சலை.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மணிநேரம் அந்தப் புகைப்படத்தைப் பற்றிப் பேசிய எங்களில் ஒருவருக்கும் அஞ்சலையைக் கேட்கத் தோன்றவில்லை. பவுனம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு நித்யாவைப் பார்த்து, "ஒரு தட்டு எடுத்தாம்மா" என்றார். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று அவர் பையில் கொண்டுவந்திருந்த வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ எல்லாவற்றையும் அதில் எடுத்து வைத்தார்.

"சம்பந்தி, எழுந்து வந்து புடிங்க. நிச்சயத்துக்கு நாள நாமளே பேசிக்கலாம்" என்று ஏழுமலையிடம் நீட்டினார்.

ஏழுமலை கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தட்டை வாங்கியபோது அது ஒரு பக்கம் சாய்ந்து வாழைப்பழம் சரிந்தது. அஞ்சலை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.